மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தால் கடன் தீருமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தறிப்பட்டறை_குபா:

எல்லாருக்கும் வணக்கம். குமாரபாளையத்தில் சொந்தமாக 8 விசைத்தறி போட்டு லுங்கி ஓட்டிக்கொண்டிருந்தேன். நூல் விலை ஏறியதும் நெய்த சரக்கு தேங்கியதும் ஒரே சமயத்தில் வந்தது. இப்போது 4 தறிதான் ஓடுகிறது, அதுவும் கூலிக்கு.

கடன் விவரத்தை ஒளிக்காமல் எழுதுகிறேன். தறிக்கும் வீட்டுக்குமாகச் சேர்த்து பேங்க் கடன் 14 லட்சம், வீட்டுப் பத்திரம் அவர்களிடம் இருக்கிறது. நகைக் கடன் 2.20 லட்சம். தனியார் ஒருவரிடம் புரோநோட்டில் 6 லட்சம், மூன்று வட்டி. நூல் கொடுத்தவருக்கு 4.80 லட்சம் பாக்கி, அதற்கு இரண்டு செக் கொடுத்திருக்கிறேன். சீட்டு எடுத்ததில் இன்னும் 3 லட்சம் கட்ட வேண்டும், அதற்கு மச்சான் ஜாமீன். கிரெடிட் கார்டும் ஆப் கடனும் சேர்ந்து 2.70 லட்சம். மனைவி பெயரில் குழுக் கடன் 60 ஆயிரம். எல்லாம் கூட்டினால் 33 லட்சத்துக்கு மேல் போகிறது.

பக்கத்துப் பட்டறைக்காரர், "ஐ.பி. (திவால் மனு) கொடுத்துவிடு, வக்கீல் செலவோடு போய்விடும்" என்கிறார். பள்ளிபாளையம் பக்கம் என் பெயரில் ஒரு காலி மனை இருக்கிறது. அதை முதலில் மனைவி பெயருக்கு எழுதிவிட்டு அப்புறம் மனு போடச் சொல்கிறார். மாமனாரோ, மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தால் ஊரில் தலை காட்ட முடியாது, பேசாமல் எங்காவது வேலைக்குப் போய்விடு என்கிறார். ராத்திரி தூக்கம் இல்லை. உண்மையில் இந்தச் சட்டம் என்ன செய்யும், என்ன செய்யாது?

---

ஈரோடு_குமாஸ்தா:

தம்பி, நான் வக்கீல் ஆபீஸில் குமாஸ்தா. ஐ.பி. மனுக்களை எழுதி, அட்டவணை தயார் செய்து, கோர்ட்டில் நம்பர் வாங்குவது வரைக்கும் என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் அந்த மனையைத் தொடாதீர்கள். இந்த இழையில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் மனதில் வையுங்கள். நமக்கு இன்றைக்கும் பொருந்துகிற சட்டம் 1920-ஆம் வருடத்து மாகாண நொடிப்புச் சட்டம், அதாவது திவால் சட்டம். அதன் 53-வது பிரிவுப்படி, சொத்தை எழுதிக்கொடுத்த தேதியில் இருந்து 2 வருடத்துக்குள் மனு போட்டு நீங்கள் திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டால், உரிய விலை வாங்காமல் செய்த அந்த மாற்றத்தை ரிசீவர் (உங்கள் சொத்தைக் கையில் எடுக்க கோர்ட் நியமிக்கிறவர்) ரத்து செய்ய வைக்கலாம். அதோடு போகாது. கடன் கொடுத்தவர்களை ஏமாற்றச் சொத்தை மறைத்தார் என்று ஆனால் 69-வது பிரிவில் 1 வருடம் வரை சிறை. பின்னால் கடனில் இருந்து விடுதலை கேட்கும்போதும் இதே விஷயம் குறுக்கே வந்து நிற்கும். ஒரு மனையைக் காப்பாற்றப் போய் முழு நிவாரணத்தையும் இழந்த கட்சிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, மனு என்ன செய்யும்? 500 ரூபாய்க்கு மேல் கடன் இருந்து, அதைக் கட்ட வழியில்லாதவர் யாரும் தானாகவே மனு கொடுக்கலாம். சட்டம் போட்ட காலத்துத் தொகை அது, இன்னும் மாறவில்லை. உங்கள் பகுதி சார்பு நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். மனுவோடு இரண்டு அட்டவணை இணைப்போம். ஒன்றில் யாருக்கு எவ்வளவு, என்ன தேதியில், எந்த ஆவணத்தின் பேரில் வாங்கியது, அவர் விலாசம் என்ன என்று ஒருவர் விடாமல். இன்னொன்றில் உங்கள் சொத்து எல்லாம் மதிப்போடு. முக்கால்வாசி மனுக்கள் கெடுவது இங்கேதான். மைத்துனரிடம் கைமாற்றாக வாங்கியதை எழுத வேண்டாம் என்பார்கள், பழைய டிவிஎஸ் வண்டியை விட்டுவிடுவார்கள், எல்ஐசி பாலிசியை மறப்பார்கள். எதிர்த் தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் அந்த ஒன்றைத்தான் பிடிப்பார்.

கடன் கொடுத்தவர்கள் எல்லாருக்கும் நோட்டீஸ் போகும். ஊரில் மஞ்சள் நோட்டீஸ் என்று பேசுவது இதைத்தான். கையில் கட்ட வழியில்லை என்பதை முதல் பார்வையில் நம்பும்படி காட்டினால் கோர்ட்டுக்குப் போதும். அதன்பிறகு திவாலானவர் என்று உத்தரவு வரும். அந்த நிமிடம் முதல் உங்கள் சொத்து கோர்ட்டுக்கோ அஃபிஷியல் ரிசீவருக்கோ போய்விடும். அடமானம் இல்லாமல் கடன் கொடுத்தவர்கள், கோர்ட் அனுமதி இல்லாமல் உங்கள் மேல் வழக்குப் போடவோ ஜப்தி எடுக்கவோ முடியாது. 31-வது பிரிவில் தனியாகப் பாதுகாப்பு உத்தரவு வாங்கினால் கடனுக்காகக் கைது செய்யவும் முடியாது.

கவனியுங்கள், இதெல்லாம் உத்தரவு வந்த பிறகு. மனு நம்பர் ஆன அன்றே எல்லா வழக்கும் நின்றுவிடும் என்று சொல்லி ஆள் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது சரியில்லை.

உங்கள் கணக்குக்கு வருகிறேன். பேங்க் கடனும் நகைக் கடனும் அடமானக் கடன். ஐ.பி.க்கு அவர்கள் கட்டுப்பட மாட்டார்கள், வீட்டையும் நகையையும் அவர்கள் வழியில் ஏலம் போடலாம். அப்படியானால் 16.20 லட்சம் வெளியே போய்விட்டது. குழுக் கடன் மனைவி பெயரில், அது உங்கள் மனுவில் வராது. மிச்சம் புரோநோட்டு, நூல் பாக்கி, சீட்டு, கார்டு, ஆப் எல்லாம் சேர்த்து 16.50 லட்சம். இந்தப் பாதிக்குத்தான் மனு குடை பிடிக்கும். அதிலும் செக்குக்கும் ஜாமீனுக்கும் தனி வம்பு இருக்கிறது, வேலை முடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

---

நூல்வியாபாரி_எஸ்:

எதிர்ப் பக்கத்தில் இருந்து ஒருவன் பேசினால் தப்பில்லை என்று நினைக்கிறேன். நான் நூல் கடன் கொடுக்கிறவன். மில்லுக்கு நான் முன்பணம் கட்டித்தான் பேல் எடுக்கிறேன். நீங்கள் கொடுக்காத 4.80 லட்சத்துக்கு நான் வேறு இடத்தில் வட்டி கட்டிக்கொண்டிருப்பேன். உங்களுக்கு நூல் கொடுத்தவரும் அப்படித்தான் இருப்பார்.

ஐ.பி. நோட்டீஸ் கையில் வாங்கும்போது எங்களுக்கு வருகிற கோபம் பணம் போனதற்கு மட்டும் இல்லை. முந்தின வாரம் வரை சிரித்துப் பேசி சரக்கு எடுத்துவிட்டு, இந்த வாரம் தபாலில் நோட்டீஸ் அனுப்புவதற்குத்தான். அப்படிச் செய்கிறவர்கள் மேல் நாங்களும் கோர்ட்டுக்குப் போகலாம். சொத்தை மாற்றி எழுதுவது, கடையைப் பூட்டிவிட்டு ஊரை விட்டுப் போவது, ஒருத்தருக்கு மட்டும் சாதகமாகப் பணம் கொடுப்பது, இவையெல்லாம் நொடிப்புச் செயல் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அது நடந்த 3 மாதத்துக்குள் கடன் கொடுத்தவனே மனு போட்டு உங்களைத் திவாலானவர் என்று அறிவிக்கச் செய்யலாம். நான் ஒருமுறை செய்திருக்கிறேன்.

ஆனால் நேரில் வந்து கணக்கு நோட்டை விரித்துக் காட்டி, இவ்வளவுதான் முடியும் என்று சொன்னவர்களை நான் கோர்ட்டுக்கு இழுத்ததில்லை. ரூபாய்க்கு எட்டணா என்று பேசி வாங்கிக்கொண்டு செக்கைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். தம்பி, நோட்டீஸ் போவதற்கு முன்னால் அந்த நூல் கடைக்கு ஒரு நடை போய் வாருங்கள். மச்சானையோ பெரியவர் ஒருவரையோ கூட்டிக்கொண்டு போங்கள்.

---

பல்லடம்_அக்கா:

தம்பி, என் வீட்டுக்காரர் ஐ.பி. கொடுத்தவர். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், உங்கள் மனைவியும் படிக்கட்டும்.

மானம் என்று மாமனார் சொல்கிறாரே, அதை நான் லேசாகப் பேசமாட்டேன். கோர்ட்டில் பெயர் கூப்பிடும்போது வராந்தாவில் நமக்குக் கடன் கொடுத்தவர்கள் வரிசையாக நிற்பார்கள். அதில் எங்கள் கல்யாணத்துக்கு வந்து மொய் வைத்தவர்களும் இருந்தார்கள். அந்த முதல் வாய்தாதான் கஷ்டம். அதன்பிறகு வாசலில் வந்து கத்துவது நின்றது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போது வழிமறித்துக் கேட்பது நின்றது. எனக்கு அதுவே பெரிய விஷயமாக இருந்தது.

ரிசீவர் ஆபீஸில் இருந்து வீட்டுக்கு வந்து சாமான்களைக் குறித்துக்கொண்டார்கள். நான் பயந்துபோய் அடுப்பங்கரையைப் பூட்டி வைத்திருந்தேன். வந்தவர், "அம்மா, சமையல் பாத்திரம், துணிமணி, பாய் படுக்கை, உங்கள் தாலி, இதையெல்லாம் சட்டப்படி தொடவே முடியாது, கதவைத் திறங்கள்" என்றார். என் அம்மா வீட்டில் போட்ட நகை என் சொத்து, அவருடைய கடனுக்கு அது வராது என்பதையும் அவர்தான் சொன்னார். தையல் மெஷின் என் பெயரில் பில் இருந்தது, விட்டுவிட்டார்கள். பில்லை எல்லாம் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.

யாரும் சரியாகச் சொல்லாத ஒன்று இருக்கிறது. திவாலானவர் என்று உத்தரவு வந்ததோடு கதை முடியவில்லை. அந்த உத்தரவிலேயே, இத்தனை காலத்துக்குள் விடுதலை கேட்டு மனு போட வேண்டும் என்று எழுதியிருக்கும். எங்கள் வக்கீல் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நாங்களும் பிரச்சினை தீர்ந்தது என்று இருந்துவிட்டோம். கெடு தாண்டியதும் கடன் கொடுத்தவர் ஒருவர், பழைய உத்தரவையே ரத்து செய்யக் கேட்டுவிட்டார். வேறு வக்கீல் வைத்து, காரணம் காட்டி, காலத்தை நீட்டிக்கக் கேட்டு, எங்களுக்கு மூச்சு முட்டிவிட்டது. கடன் உண்மையில் தீர்வது அந்த விடுதலை உத்தரவில்தான். அதுவரைக்கும் சம்பாதித்து வாங்குவதும், அப்பா வழியில் பங்கு வந்தால் அதுவும், ரிசீவர் கைக்குத்தான் போகும்.

---

சட்டமாணவி_மதுரை:

அக்கா சொன்னது 1920 சட்டத்தின் 27, 41, 43 ஆகிய பிரிவுகள். விடுதலை கேட்காமல் கெடு தாண்டினால் உத்தரவு ரத்தாகும், பாதுகாப்பும் அதோடு போகும். கோர்ட் போதிய காரணம் இருந்தால் காலத்தை நீட்டிக்கலாம்.

2016-ல் வந்த புதிய திவால் சட்டம் உதவுமா என்று பலருக்கும் சந்தேகம் வரும் என்பதால் அதையும் தெளிவுபடுத்துகிறேன். அந்தச் சட்டத்தின் மூன்றாம் பகுதி தனிநபர்களுக்கானது. அதில் மிகச் சிறிய கடனாளிகளுக்குப் புதுத் தொடக்கம் என்று ஒரு வழியே வைத்திருக்கிறார்கள். ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்குள், சொத்து 20,000-க்குள், கடன் 35,000-க்குள், சொந்த வீடு இருக்கக் கூடாது. அப்படிப்பட்டவர்கள் கடன் தள்ளுபடி கேட்கலாம். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பகுதியை 2019 டிசம்பர் 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்தபோது, கம்பெனிக் கடன்களுக்கு ஜாமீன் போட்ட தனிநபர்களுக்கு மட்டும்தான் கொண்டுவந்தார்கள். உச்ச நீதிமன்றமும் 2021-ல் அதைச் சரி என்றது. சாதாரணக் கடனாளிக்கு அது இன்னும் திறக்கவில்லை. பெரிய கம்பெனிக்கு ஜாமீன் நின்ற தொழிலதிபருக்கு புதிய சட்டம், குமாரபாளையத்துத் தறிக்காரருக்கு நூறு வருடத்துச் சட்டம். இதை எழுதும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

சென்னை நகருக்கு மட்டும் 1909-ஆம் வருடத்து மாநகர நொடிப்புச் சட்டம் தனியாக இருக்கிறது. அங்கே உயர் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும், ரிசீவர் இடத்தில் அஃபிஷியல் அசைனி இருப்பார். மற்றபடி கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான்.

கைது பயம் பற்றி ஒரு வார்த்தை. கடன் கட்ட முடியாததற்காக மட்டும் யாரையும் சிவில் சிறையில் போட முடியாது. கட்ட வசதி இருந்தும் வேண்டுமென்றே கட்டாமல் இருந்தார் என்று காட்டினால்தான் முடியும். 1980-ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் இதைத் தெளிவாக எழுதியிருக்கிறார். பண டிகிரிக்காக (பணம் கட்டச் சொல்லும் கோர்ட் தீர்ப்புக்காக) பெண்களைக் கைது செய்யவே முடியாது. ஆகவே "உன் பெண்டாட்டியை உள்ளே வைப்பேன்" என்று மிரட்டினால் நம்பாதீர்கள்.

---

சேலம்_ஓய்வுவங்கி:

நான் பொதுத்துறை வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்தத் தம்பியின் பாதிக் கடன் அடமானக் கடன் என்பதால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தவணை 90 நாள் தவறினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அப்புறம் சர்ஃபேசி சட்டத்தின் (அடமானச் சொத்தை கோர்ட்டில் வழக்குப் போடாமலே வங்கி எடுக்க வழி செய்யும் சட்டம்) 13(2) நோட்டீஸ் வரும், 60 நாள் அவகாசம். அதற்குள் நீங்கள் எழுத்தில் ஆட்சேபணை கொடுத்தால் வங்கி பதில் சொல்லியே ஆக வேண்டும். பெரும்பாலானவர்கள் அந்த நோட்டீஸைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அடுத்தது 13(4), சொத்தை எடுக்கும் நடவடிக்கை. அதை எதிர்த்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், கோயம்புத்தூரில் இருக்கிறது.

உங்கள் கணக்கு இன்னும் 90 நாளைத் தாண்டவில்லை என்றால் உங்களுக்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. சிறு, குறு தொழில்களுக்கு என்று 2015-ல் மத்திய அரசும், அதை ஒட்டி 2016-ல் ரிசர்வ் வங்கியும் ஒரு மறுசீரமைப்பு முறை கொண்டுவந்தன. 25 கோடி வரை கடன் வாங்கிய குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்குப் பொருந்தும். தொழில் நொடிக்கும் என்று தெரிந்தால் கடனாளியே முன்வந்து விண்ணப்பிக்கலாம். தவணையை நீட்டுவது, வட்டியைத் தள்ளி வைப்பது எல்லாம் அதில் பேசலாம். உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருக்கிறதா என்று பாருங்கள். கிளையில் வாயால் கேட்காதீர்கள். கடிதமாகக் கொடுத்து, நகலில் சீல் போட்டுத் தேதியோடு வாங்குங்கள். வாயால் கேட்டால் "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுவார்கள், நானே அந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

நகையை ஏலத்துக்கு விடாதீர்கள். இன்றைய விலையில் மீட்டு விற்றால் கடன் போக மிச்சம் நிற்கலாம். ஏலத்தில் அந்த மிச்சம் சுருங்கிவிடும்.

---

வேளச்சேரி_வாடகைவீடு:

இடையில் நுழைவதற்கு மன்னியுங்கள். எனக்குத் தொழில் எதுவும் இல்லை, ஐடி வேலை போய்விட்டது. மூன்று கிரெடிட் கார்டு, ஒரு பர்சனல் லோன், சேர்த்து 9 லட்சம். அடமானம் எதுவும் இல்லை. ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டு ராத்திரி 10 மணிக்கு அப்பாவுக்குப் போன் செய்கிறார்கள். நான் உயர் நீதிமன்றத்தில் மனு போடலாமா?

---

சேலம்_ஓய்வுவங்கி:

போடலாம், ஆனால் முதல் படி அதுவாக இருக்க வேண்டாம் என்பது என் கருத்து. உங்களுக்கு வேலை திரும்பக் கிடைக்கும் வயது. திவாலானவர் என்ற பெயரோடு சில வேலைகளுக்குப் போக முடியாது, விடுதலை பெறும்வரை தேர்தலில் நிற்க முடியாது, விவரத்தைச் சொல்லாமல் புதுக் கடன் வாங்கினால் அதுவே குற்றம்.

அடமானம் இல்லாத கடனில் வங்கிகள் பேசித் தீர்க்கத் தயாராகத்தான் இருக்கும். வேலை போன கடிதத்தோடு ஒவ்வொரு வங்கிக்கும் மெயில் போடுங்கள். மொத்தமாக ஒரு தொகைக்கு ஒத்துக்கொண்டால் ஒப்பந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகு பணம் கட்டுங்கள், ஏஜென்ட் சொல்லும் ஜிபே நம்பருக்கு ஒரு பைசாவும் அனுப்பாதீர்கள். சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று விழும், பல வருடம் கடன் கிடைப்பது கஷ்டமாக இருக்கும். அதைத் தெரிந்து செய்யுங்கள். வழக்குப் போட்டிருந்தால் மக்கள் நீதிமன்றத்தில் முடிப்பது நல்லது. அங்கே ஆகும் உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது.

போன் விஷயம்: காலை 8 மணிக்கு முன்னாலும் இரவு 7 மணிக்குப் பின்னாலும் வசூலுக்கு அழைக்கக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. குடும்பத்தாரை மிரட்டுவதும் கூடாது. அழைப்புப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வங்கிக்குப் புகார் கொடுங்கள், 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு ஆன்லைனில் போடலாம், கட்டணம் இல்லை.

---

தறிப்பட்டறை_குபா:

எல்லாருக்கும் நன்றி. மனை விஷயத்தை விட்டுவிட்டேன், மாமனாரிடமும் சொல்லிவிட்டேன். பேங்க்குக்குக் கடிதம் எழுதி சீல் வாங்கிவிட்டேன், உத்யம் பதிவு இருக்கிறது.

இரண்டு விஷயம் உறுத்துகிறது. நூல் கடைக்குக் கொடுத்த செக். அப்புறம் மச்சான். அவன் டெம்போ ஓட்டிப் பிழைக்கிறவன், எனக்காகக் கையெழுத்துப் போட்டான். நான் ஐ.பி. கொடுத்தால் அவனுக்கு என்ன ஆகும்? புரோநோட்டுக்காரர் நேற்று இரண்டு பேரோடு வந்து தறியைக் கழற்றுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

---

பல்லடம்_அக்கா:

தம்பி, தூக்கம் இல்லை என்று முதலிலேயே எழுதியிருந்தீர்கள். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. வேண்டாத நினைப்பு ஏதாவது வந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு போன் பண்ணுங்கள், எந்த நேரத்திலும் தமிழில் பேசுவார்கள். மனைவியிடம் முழுக் கணக்கையும் சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் அவர் எனக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருந்த காலம்தான் அவரைத் தின்றது.

---

ஈரோடு_குமாஸ்தா:

அக்கா சொன்னதை முதலில் செய்யுங்கள்.

செக்: ஐ.பி. உத்தரவு செக் வழக்கைத் தடுக்காது. அது குற்ற வழக்கு. செக் திரும்பினால் 30 நாளுக்குள் அவர் நோட்டீஸ் விட வேண்டும், நோட்டீஸ் கிடைத்து 15 நாளுக்குள் நீங்கள் பணம் கொடுத்தால் வழக்கே வராது. கொடுக்காவிட்டால் 2 வருடம் வரை சிறை, செக் தொகையில் இரண்டு மடங்கு வரை அபராதம். வழக்கு நடக்கும்போதே 20 சதவீதம் வரை இடைக்கால நஷ்டஈடு கட்டச் சொல்லலாம். ஆனால் இது சமரசம் செய்துகொள்ளக்கூடிய வழக்கு. அதனால்தான் மேலே நூல் வியாபாரி சார் சொன்னது உங்களுக்குத் தங்கமான வழி. அவர் செக்கை வங்கியில் போடுவதற்கு முன்னால் போய்ப் பேசுங்கள். ஒன்று மட்டும் எச்சரிக்கை. ஐ.பி. மனு போடுகிற முடிவோடு, அதற்கு முந்தின 3 மாதத்தில் அவர் ஒருவருக்கு மட்டும் அதிகம் கொடுத்து மற்றவர்களை விட்டால் 54-வது பிரிவில் ரிசீவர் அதைத் திருப்பிக் கேட்கலாம். ஆகவே பேசித் தீர்ப்பதா, மனுப் போடுவதா என்று முதலில் வக்கீலோடு உட்கார்ந்து முடிவு செய்துவிட்டு, அப்புறம் பணத்தைக் கையில் எடுங்கள்.

மச்சான்: இதை மறைத்துப் பேச மனம் வரவில்லை. ஜாமீன்தாரர் பொறுப்பு உங்கள் பொறுப்புக்குச் சமம். உங்களுக்கு விடுதலை கிடைத்தாலும் அவருக்குக் கிடைக்காது, சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. நீங்கள் மனு போட்ட மறுநாள் சீட்டுக் கம்பெனி அவர் வாசலுக்குத்தான் போகும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் மனையை விற்றுச் சீட்டையும் நூல் பாக்கியையும் முடிக்க முடியுமா என்று பார்ப்பேன். நியாயமான விலைக்கு, வெளி ஆளுக்கு, பேங்க் வழியாகப் பணம் வாங்கி விற்றால் அதை யாரும் சுலபத்தில் குறை சொல்ல முடியாது. மனை என்ன விலை போகும் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

புரோநோட்டுக்காரர்: மூன்று வட்டி என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். 2003-ல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டத்தில் அது வரும். தறியைக் கழற்ற அவருக்கு எந்த உரிமையும் இல்லை. கோர்ட்டில் டிகிரி வாங்கி, அமீனா வந்தால்தான் எதுவும், அதுவும் பேங்க்குக்கு எழுதிக்கொடுத்த தறி என்பதால் பேங்க் முதலில் நிற்கும். 2025-ல் தமிழ்நாடு அரசு கட்டாய வசூலைத் தடுக்கத் தனிச் சட்டமே கொண்டுவந்திருக்கிறது. கடனாளியையோ குடும்பத்தையோ மிரட்டினால் 3 வருடம் வரை சிறை. ஸ்டேஷனில் மனு கொடுத்து சிஎஸ்ஆர் (புகார் ரசீது) வாங்குங்கள். இதுவரை கட்டிய வட்டியை தேதி வாரியாக நோட்டில் எழுதுங்கள். கூகுள் பேயில் போனது இருந்தால் ஸ்டேட்மென்ட் எடுங்கள்.

---

தறிப்பட்டறை_குபா:

மனை 7 லட்சத்துக்குப் போகும் என்று இரண்டு புரோக்கர் சொல்கிறார்கள். நூல் கடைக்காரர் செக்கை இந்த மாதம் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டார், மாமனார் கூட வந்தார். சீட்டுக்கு 3, நூலுக்கு 4.80 என்றால் மனைப் பணம் கொஞ்சம் பற்றாது, ஆனால் நூல் கடைக்காரர் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார் போலத் தெரிகிறது. அப்படி முடிந்தால் மிச்சம் புரோநோட்டும் கார்டும்தான். அதற்கு மட்டும் ஐ.பி. தேவைப்படுமா?

---

ஈரோடு_குமாஸ்தா:

அப்போது மனு போடாமலே சமாளிக்க வாய்ப்பு இருக்கிறது. கார்டை வங்கியோடு பேசித் தீர்க்கலாம். புரோநோட்டுக்காரர் வழக்குப் போடட்டும், அதிக வட்டி என்று எதிர்வழக்காடலாம், கடைசியில் கோர்ட் நியாயமான வட்டிதான் போடும், தவணையும் கேட்கலாம்.

டிகிரி ஆகி ஜப்தி வரைக்கும் வந்து, அப்போதும் முடியவில்லை என்றால் அன்றைக்கும் ஐ.பி. கதவு திறந்துதான் இருக்கும். கைது வாரண்டில் பிடித்துக்கொண்டு போனாலும், ஒரு மாதத்துக்குள் நொடிப்பு மனு போடுகிறேன் என்று ஜாமீன் கொடுத்தால் விடச் சட்டம் இருக்கிறது. அன்றைக்கு மனு போட நேர்ந்தால் மனையை விற்ற பத்திரம், பணம் யாருக்கு எப்படிப் போனது என்ற ரசீது எல்லாம் கேட்பார்கள். ரூபாய்க்கு 50 காசு தேறவில்லை என்றால் விடுதலையை மறுக்கலாம் என்று 42-வது பிரிவு சொல்கிறது. ஆனால் உங்கள் கையை மீறிய காரணத்தால் தொழில் விழுந்தது என்று காட்டினால் அந்தத் தடை போகும். நூல் விலை ஏறின காலத்து பில்லும், தேங்கின சரக்கின் ஸ்டாக் நோட்டும் அதற்குத்தான் சாட்சி. பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள்.

வக்கீல் செலவுக்குக் கையில் இல்லையென்றால் தாலுகா கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது, இலவசமாக வக்கீல் போடுவார்கள். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது, குழுக் கடன் விஷயமாக உங்கள் மனைவியே நேரில் கேட்கலாம். 15100-க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். புதன்கிழமை நான் ஈரோடு கோர்ட்டில்தான் இருப்பேன், மனை விற்கும் அக்ரிமென்ட் எழுதுவதற்கு முன்னால் நகலை இங்கே போடுங்கள், பெயர், சர்வே நம்பரை மறைத்துவிட்டு.